திருகாணியின் இடது கால்

வாசகர் கடிதங்களைப் பதிப்பகத்தில் மாதம் ஒருமுறை ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பிவைப்பார்கள். அந்த மாதக் கட்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அண்ணி அதை வாங்கி மேசை ஓரத்தில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து வரையத் தொடங்கினாள். ஒன்பதாவது புத்தகம், முப்பத்தொன்றாவது படம். மொத்தம் நாற்பத்திரண்டு வரைய வேண்டும். கெடுவுக்கு இன்னும் இருபத்தொரு நாள். வலது மணிக்கட்டில் நீலப் பட்டை சுற்றியிருந்தது. கழுத்தைத் திருப்பினால் உள்ளே மணல் அரைபடுவது போல் ஒரு சத்தம்.

மேசை என்பது சாப்பாட்டு மேசைதான். ஆறு பேர் உட்காரலாம். அதில் நாலே முக்கால் பேருக்கான இடத்தைத் தாள்களும் மைப்புட்டிகளும் பிடித்துக்கொண்டு பல வருடங்களாகின்றன. மிச்சமிருந்த மூலையில் அவளும் கணவரும் முழங்கை இடிக்கச் சாப்பிட்டார்கள்.

அவளை ஊரே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. காரணம் கணவரின் தங்கை. அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டி, "அண்ணி, சிரிக்காமப் படிங்க, பிடிச்சா படம் போட்டுத் தாங்க" என்றாள். அண்ணி அதுவரை பாடப் புத்தகங்களுக்கு இதயத்தின் குறுக்குவெட்டும் பூவின் பாகங்களும் வரைந்துகொண்டிருந்தவள். சிரிக்காமல் படித்தாள். படம் போட்டாள். அட்டையில் என்ன பெயர் போடுவது என்று பதிப்பகத்தில் கேட்டபோது, "அண்ணி – நாத்தனார்னு போட்டுடுங்க" என்று விளையாட்டாகச் சொன்னாள் நாத்தனார். அவர்கள் நிஜமாகவே போட்டுவிட்டார்கள். அதன் பிறகு பதிப்பக வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூட அவள் அண்ணிதான்.

கதையின் நாயகி பெயர் திருகாணி. வயது பதினொன்று. எங்கோ ஒரு தூரத்துக் கோளைச் சுற்றிவரும் சக்கர வடிவ விண்வெளி நிலையத்தில் அவள் பழுதுபார்ப்பவள். முதல் புத்தகத்தில் காற்று கசியும் ஓட்டையைத் தன் தோட்டின் திருகாணியைக் கழற்றி அடைத்தாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவள் பிறந்தது சக்கரத்தின் நடுவில், எடையே இல்லாத இடத்தில். அதனால் இடது கால் வலுவில்லாமல் போனது. எடை இருக்கும் வெளிவட்டத்தில் நடக்க, இரண்டு இரும்புக் கம்பியும் தோல் பட்டைகளும் கொண்ட காலிபர் போட்டுக்கொள்வாள். கதையில் அதற்குப் பெயர் கம்பிக்கால். அவள் வருவதற்கு முன்னால் "டக், டக்" என்று சத்தம் வரும்.

மதியம் டீ குடிக்கும்போது அண்ணி கட்டைப் பிரித்தாள். வழக்கமான கடிதங்கள்தான். திருகாணியும் ரோபோ சமையல்காரரும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள்? திருகாணிக்கு ஏன் வீட்டுப்பாடம் இல்லை? ஏழாவது கடிதம் கோடு போட்ட தாளில், ஸ்கேல் வைத்து ஓரம் அடித்து எழுதப்பட்டிருந்தது.

"அன்புள்ள அண்ணி, நாத்தனார் இருவருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறேன். எட்டுப் புத்தகமும் படித்துவிட்டேன். முதல் புத்தகம் ஆறு தடவை. எனக்கும் இடது காலில் கம்பி இருக்கிறது. திருகாணிக்கு ஐந்தாவது புத்தகத்தில் பதினேழாம் பக்கம் வரை கம்பிக்கால் இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. எப்படிச் சரியானது? எந்த டாக்டர்? நான் எல்லாப் பக்கத்திலும் தேடினேன், எழுதவில்லை. என் புத்தகத்தில் பக்கம் விட்டுப்போயிருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் அனுப்பவும். அம்மா இதையெல்லாம் கேட்கக் கூடாது என்று சொன்னாள். நானாகத்தான் எழுதுகிறேன். இப்படிக்கு, இன்னொரு திருகாணி."

கீழே முகவரி இருந்தது. டீ ஆறிப்போனது.

அண்ணி எழுந்து அலமாரியிலிருந்து ஐந்தாவது புத்தகத்தை எடுத்தாள். பதினேழாம் பக்கத்தில் திருகாணி ஏணியில் நின்றாள். கம்பிக்கால் தெளிவாக இருந்தது. பத்தொன்பதில் ஒரு பெட்டிக்குப் பின்னால் நின்றாள். இருபத்திரண்டில் கால் வரைக்கும் தொங்கும் மேலங்கி. இருபத்தாறில் ஓடினாள், இரண்டு காலாலும். ஆறாவது புத்தகத்தில் நீளமான பூட்ஸ். ஏழில் அதுவும் இல்லை. எட்டாவதின் அட்டையில் திருகாணி இரண்டு கால்களையும் மடக்கி அந்தரத்தில் குதித்துக்கொண்டிருந்தாள். அந்த அட்டையை எல்லோரும் பாராட்டியிருந்தார்கள்.

யாரும் அவளை அப்படி வரையச் சொல்லவில்லை.  ஐந்தாவது புத்தகம் வரைந்த வருடம் அவள் மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். பதினான்கு மாதம், உயிர் போகும்வரை. துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்து, கரண்டியால் ஊட்டி, கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால் கையில் ஈரம் காயும் முன்னால் மறுபடி அழைப்பு வரும். கம்பிக்கால் வரைய இருபத்தாறு கோடுகள். ஒரு நாள் பெட்டி ஒன்றை முன்னால் வரைந்து காலை மறைத்தாள். இன்றைக்கு மட்டும் என்று நினைத்தது ஞாபகம் இருந்தது. பிறகு நினைக்கவே இல்லை.

மறுநாள் நாத்தனாருக்கு விடுமுறை. செருப்பைக் கழற்றும்போதே, "அண்ணி, பதினொண்ணாவது அத்தியாயம் முடிச்சிட்டேன், திட்டாதீங்க, வில்லனை மன்னிச்சு விட்டுட்டேன்" என்று பேசிக்கொண்டே வந்தாள். அண்ணி கடிதத்தை நீட்டினாள்.

நாத்தனார் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள்.

"இது எப்படி? நீங்க வரையலையா?"

"வரையலை."

"எப்பலருந்து?"

"அதான் எழுதியிருக்காளே. பதினேழாம் பக்கம்."

"நாலு புஸ்தகமா! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்ப சொல்றது?" அண்ணிக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "உங்கம்மாவுக்குப் படுக்கை மாத்திட்டு வந்து சொல்றதா? நீ டூட்டி முடிஞ்சு வந்து வாசல்லயே தூங்கி விழுவியே, அப்ப சொல்றதா?"

நாத்தனார் முகம் சுருங்கிப்போனது. அம்மாவைப் பற்றி இருவரும் அதிகம் பேசுவதில்லை. தான் செய்ய வேண்டியதை அண்ணி செய்தாள் என்பது நாத்தனாருக்குத் தெரியும். தெரிகிறது என்பது அண்ணிக்கும் தெரியும். அதை எடுத்து வெளியே வைத்துவிட்டோமே என்று அண்ணிக்குச் சங்கடமாக இருந்தது.

நாத்தனார் ஐந்தாவது புத்தகத்தை இழுத்துப் புரட்டினாள். பிறகு ஆறு, ஏழு, எட்டு, திரும்பி வந்து நாலு. விரலை எச்சில் தொட்டு வேகமாகப் புரட்டினாள். கடைசியில் புத்தகத்தை மூடிவைத்தாள்.

"நானும்தான்," என்றாள்.

"என்ன நானும்தான்?"

"கடைசியா நான் 'டக், டக்'னு எழுதினது நாலாவது புஸ்தகத்துல அறுபத்தொண்ணாம் பக்கம். அதுக்கப்புறம் நான் ஒரு இடத்துலகூட எழுதலை, அண்ணி. நீங்க வரையலைன்னு உங்களைக் கேக்கறேன். நான் எழுதியிருந்தா நீங்க வரைஞ்சிருப்பீங்க."

இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து அந்த எட்டுப் புத்தகங்களைப் பார்த்தார்கள். எட்டையும் அச்சுக்குப் போகும் முன்னால் ஐந்தைந்து பேராவது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பார்கள்.

பதிப்பாசிரியருக்குப் போன் செய்தார்கள். அவர் நல்ல மனிதர். எதற்கும் பதறமாட்டார், அதுவே சில சமயம் எரிச்சலாக இருக்கும்.

"இவ்வளவுதானா? நான் கைதான் உடைஞ்சிடுச்சோன்னு பயந்துட்டேன்," என்றார். "விடுங்க அண்ணி. நாலு வருஷமா யாரும் கேக்கலை. ஒரே ஒரு குழந்தை கேட்டிருக்கு. ஒன்பதாவதுல ஒரு வரி சேர்த்துடுங்க. ஏதோ ஒரு மெஷின், ஏதோ ஒரு கதிர், கால் சரியாயிடுச்சு. விஞ்ஞானக் கதைதானே, யாரு கேக்கப் போறா?"

"அந்தப் பொண்ணு கேப்பா," என்றாள் அண்ணி.

"என்ன கேப்பா?"

"எந்த மெஷின், எங்க இருக்குன்னு கேப்பா. அம்மாவைக் கூட்டிட்டுப் போகச் சொல்லுவா."

 பிறகு அவர், "சரி, யோசிங்க. ஆனா தேதியில மட்டும் கை வெச்சிடாதீங்க" என்றார்.

நாத்தனார்தான் சொன்னாள், முதலில் நிஜக் காலிபரைப் பார்த்துவிடுவோம் என்று. அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே, துணி வெளுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், கை கால் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. பதினேழு வருடமாக அதைக் கடந்து போகிறாள். ஒருநாளும் உள்ளே எட்டிப்பார்த்ததில்லை.

"முதல் புத்தகம் எழுதினப்பகூடவா?" என்றாள் அண்ணி.

"நீங்க பாடப் புஸ்தகத்துக்கு வரையறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

"நீ ஆஸ்பத்திரிக்காரி. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நான் நினைச்சேன்."

வெள்ளிக்கிழமை காலை போனார்கள். நீளமான அறை. தரை முழுக்க மாவுக்கட்டுத் தூசி. சுவரோரமாகத் தெர்மோகோல் நிறத்தில் குட்டிக் குட்டிக் கால் அச்சுகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் எண். ஒரு தையல் மெஷின் தோலைத் தைத்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அளவுக்காரர் என்று அழைக்கும் மனிதர், பல்லில் ஒரு ஆணியைக் கடித்துக்கொண்டு, சின்னஞ்சிறு பூட்ஸ் ஒன்றில் கம்பியைப் பொருத்திக்கொண்டிருந்தார். அவர் வயதை யாராலும் யூகிக்க முடியாது. தலை மயிரில் பாதி நரை, பாதி தூசி.

அண்ணி முதல் புத்தகத்தை விரித்துக் காட்டினாள். அவர் ஆணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார். உதடு துடித்தது.

"சிரிக்கலாம், பரவாயில்லை," என்றாள் அண்ணி.

"இல்லம்மா, படம் நல்லா இருக்கு. ஆனா இந்தப் பொண்ணால உக்காரவே முடியாது. முட்டிக்கிட்ட பூட்டு எங்க? நின்னா பூட்டு கீழ விழுந்து கம்பி நேரா நிக்கும். உக்காரணும்னா கையால மேல தூக்கணும்." ஒரு காலிபரை எடுத்து நிமிர்த்தினார். முட்டியருகே இரும்பு வளையம் நழுவி விழுந்து "டக்" என்றது. "அப்புறம் பக்கிளை உள்பக்கமாப் போட்டிருக்கீங்க. இன்னொரு தொடையில உரசிப் புண்ணாயிடும்."

நாத்தனார் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டே, "அப்போ நடக்கும்போது சத்தம் வராதா?" என்று கேட்டாள்.

"எழுந்திருக்கும்போது வரும். நடக்கும்போது வந்தா நான் சரியாச் செய்யலைன்னு அர்த்தம்."

நாத்தனார் பென்சிலைக் கீழே வைத்தாள். நாலு புத்தகம் நிறைய நடக்கும்போது "டக், டக்" என்று எழுதியிருந்தவள் அவள்.

"அது சரி, எத்தனை வருஷமாக் கதை நடக்குது?" என்றார் அளவுக்காரர்.

"கதையில மூணு வருஷம்," என்றாள் நாத்தனார். "ஆனா அவளுக்கு எப்பவும் பதினொண்ணுன்னே போட்டுட்டு வர்றோம்."

"மூணு வருஷம் ஒரே காலிபரா? இந்த வயசுப் பசங்களுக்கு எட்டு மாசம் தாங்கினாலே பெரிசு. கால் நீண்டுடும். முட்டி மேல போயிடும், பூட்டு கீழயே நிக்கும். பட்டை இறுக்கும். அப்புறம் பசங்க என்ன பண்ணும்னு தெரியுமில்ல? யார்கிட்டயும் சொல்லாமக் கழட்டி வெச்சிடும்."

"கழட்டிட்டு நடக்குமா?" என்றாள் அண்ணி.

"நடக்கும். வீம்புக்கு நடக்கும். சுவத்தைப் பிடிச்சுக்கும். நாம பாக்கறப்ப நல்லா நிக்கும், நாம திரும்பினதும் எங்கயாவது சாஞ்சுக்கும். பெத்தவங்களுக்கே மாசக்கணக்கா தெரியாது. நல்லாயிடுச்சுன்னு நினைச்சுச் சந்தோஷப்படுவாங்க."

நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்து அழுத்தினாள். அண்ணி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அழுத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், இத்தனை வருடப் பழக்கம். ஒரு கதை கிடைத்துவிட்டது. அப்படியானால் வரைந்து முடித்த முப்பத்தொரு படங்களும் போச்சு.

ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆடுகிற மேசை ஒன்றில் உட்கார்ந்தார்கள். நாத்தனாருக்கு டீ இறங்கவில்லை.

"அவ வளர்ந்துட்டா, அண்ணி. கம்பிக்கால் சின்னதாயிடுச்சு. நிலையத்துல எல்லாரும் ஏதாவது உடைஞ்சா அவகிட்டதானே வர்றாங்க? தனக்கு ஒண்ணு உடைஞ்சிருக்குன்னு அவ யார்கிட்ட போய்ச் சொல்லுவா? கழட்டி வெச்சுட்டா. நாலு புஸ்தகமா வலிச்சுக்கிட்டேதான் ஓடியிருக்கா. யாரும் பாக்கலை. படிக்கிறவங்களும் பாக்கலை. ஒன்பதாவதுல ஒரு நாள் முடியாமப் போய் நடைபாதையில உக்காந்துடறா."

அண்ணி சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கதை நன்றாகத்தான் இருந்தது. எட்டாவது அட்டையில் திருகாணி குதித்ததும் அப்போது வலியோடுதான்.

"நாம மறந்ததைத் தூக்கி அவ தலையில கட்டறோம்," என்றாள்.

"கதைன்னா அப்படித்தான் அண்ணி."

"புத்தகத்துல இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு கேட்டது கதை இல்லை. பக்கம் விட்டுப்போச்சான்னு கேட்டா. இதை எழுதி அனுப்பி, பாத்தியா, நாங்க எல்லாம் முன்னாடியே யோசிச்சு வெச்சிருந்தோம்னு பூசி மெழுகினா அது பொய். அவளுக்கு நான் தனியா எழுதறேன். நடந்தது நடந்தபடி."

"என்னன்னு எழுதுவீங்க?"

"களைச்சுப் போயிட்டேன்னு."

நாத்தனார் அப்போதுதான் டீயைக் குடித்தாள்.

அன்று சாயங்காலம் கணவர் வேலையிலிருந்து வந்து, மேசை மூலையில் கிடைத்த இடத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேச்சு குறைவான மனிதர். பேருந்துகளின் புறப்பாட்டு நேரத்தைக் குறிப்பது அவர் வேலை. மற்றபடி எதையும் குறித்துச் சொல்லமாட்டார். அண்ணி கடிதத்தைப் படித்துக் காட்டினாள். பட்டறையில் நடந்ததையும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"கம்பி இல்லைங்கறது. அஞ்சாவது புக் வந்தப்பவே பாத்தேன்."

அண்ணி கடிதத்தைக் கீழே வைத்தாள். "பாத்துட்டு ஏன் சொல்லலை?"

"நீ நின்னுக்கிட்டே தூங்கிட்டிருந்த நேரம் அது. அடுப்படியில ஒரு தடவை நீ சுவத்துல சாஞ்சு கண்ணை மூடிட்டு நின்னே, பால் பொங்கி வழிஞ்சு அடுப்பு அணைஞ்சே போச்சு, நீ முழிக்கலை. அந்த ஆளைப் போய், படத்துல நாலு கோடு குறையுதுன்னு கேக்கச் சொல்றியா?"

"நாலு இல்லை. இருபத்தாறு."

"சரி, இருபத்தாறு."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம். ஆறாவதுல, ஏழாவதுல."

அவர் தட்டில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "சொன்னா அந்த வருஷத்தைப் பத்திப் பேசணும். அது எங்கம்மா. நான் காலையில போய்ட்டு சாயங்காலம் வர்றவன். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நான் பேசறது?"

அண்ணிக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் வரவும் செய்தது. ஆனால் அடுப்படியில் கண்மூடி நின்ற தன்னை ஒருவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார் என்ற நினைப்பு அதைவிடப் பெரிதாக வந்தது. தட்டைக் கழுவப் போகிறேன் என்று எழுந்தாள். அவரும் எழுந்து வந்து, கேட்காமலே, பாத்திரங்களைத் துடைத்து அடுக்கினார்.

மறுநாள் காலை அண்ணி கடிதத்தை எழுதினாள். மூன்று தாள் கிழிந்தது. நாலாவது இப்படி வந்தது.

"அன்புள்ள இன்னொரு திருகாணிக்கு. உன் புத்தகத்தில் பக்கம் எதுவும் விட்டுப்போகவில்லை. எந்த டாக்டரும் இல்லை. திருகாணியின் கால் சரியாகவில்லை. நான் ஐந்தாவது புத்தகம் வரைந்த வருடம் எங்கள் வீட்டில் ஒருவர் படுக்கையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே வரைந்தேன். மிகவும் களைத்துப்போயிருந்தேன். கம்பிக்காலுக்கு நிறையக் கோடு போட வேண்டும். ஒரு படத்தில் போடாமல் விட்டேன். பிறகு எல்லாவற்றிலும் விட்டேன். யாரும் கேட்காததால் நானே மறந்துவிட்டேன். நீ ஒவ்வொரு பக்கமாகத் தேடினாய் என்று படித்தபோது வெட்கமாக இருந்தது. ஒன்பதாவது புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு கதை வரும். அது நாங்கள் இப்போது யோசித்தது, முன்பே யோசித்தது இல்லை. உனக்கு மட்டும் அது தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன். உன் அம்மா சொன்னது இருக்கட்டும், நீ கேட்டது சரி. அண்ணி."

அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்து, முப்பத்தொரு படங்களையும் மேசை மேல் பரப்பினாள். திருகாணி வராத ஐந்து படங்களைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கம்பியைச் சேர்ப்பதாக இருந்தால் சுலபம். கம்பி இல்லாமல், வலியோடு, வலி தெரியாதது போல் நிற்கும் பெண்ணை வரைய வேண்டியிருந்தது. இடுப்பு ஒரு பக்கம் ஏற வேண்டும். தோள் மறுபக்கம் இறங்க வேண்டும். ஒரு கை எப்போதும் எதையாவது தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அழித்துத் திருத்தினால் ஆகாது. முதலிலிருந்தே வரைய வேண்டும்.

பதிப்பாசிரியரிடம் நாத்தனார்தான் பேசினாள். என்ன பேசினாளோ, பத்து நாள் கூடுதலாகக் கிடைத்தது. அவள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவைத்திருந்த விடுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்து மேசையின் மறுமூலையில் உட்கார்ந்தாள். காலையில் அத்தியாயத்தைத் திருத்தினாள். மதியத்துக்கு மேல் அண்ணி வரைந்த படங்களில் வானத்தைக் கறுப்பு மையால் நிரப்பினாள். நட்சத்திரங்களுக்குப் புள்ளி விட்டு நிரப்ப வேண்டும். முதல் நாள் பாதி நட்சத்திரங்களை மூடிவிட்டாள்.

"போகட்டும், மேகம்னு சொல்லிக்கலாம்," என்றாள் அண்ணி.

"விண்வெளியில ஏது அண்ணி மேகம்?"

"விஞ்ஞானக் கதைதானே. யாரு கேக்கப் போறா?"

இருவருக்கும் சிரிப்பு வந்து அடங்க நேரமானது. சிரித்ததில் அண்ணிக்குக் கழுத்து வலித்தது.

புதிய அத்தியாயத்தை நாத்தனார் வாசித்துக் காட்டினாள். திருகாணி தனக்குத் தானே புதுக் கம்பிக்கால் செய்துகொள்ளப் பார்க்கிறாள். கம்பி இருக்கிறது, தோல் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. செய்து போட்டால் பொருந்தவில்லை. மூன்று முறை செய்கிறாள். மூன்று முறையும் பொருந்தவில்லை. காரணம், நேராக நின்றால்தான் கால் அளவு சரியாக வரும். குனிந்து தன் காலைத் தானே அளந்தால் அளவு மாறிவிடும். அளவுக்காரரிடம் மறுபடி போய்க் கேட்டுக்கொண்டு வந்த விவரம் அது. கடைசியில் திருகாணி ரோபோ சமையல்காரரின் கதவைத் தட்டி, "கொஞ்சம் என் காலைப் பிடிச்சு அளக்கறீங்களா?" என்று கேட்கிறாள். சமையல்காரர், "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்கிறார்.

அந்தப் பக்கத்துக்கு அண்ணி இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். திருகாணி சுவரில் முதுகைச் சாய்த்து நிமிர்ந்து நிற்கிறாள். கண்கள் மூடியிருக்கின்றன. வரைந்து முடித்துவிட்டுப் பார்த்தபோதுதான் அந்த நிற்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. எதையும் மாற்றவில்லை.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே பதில் வந்தது. அதே கோடு போட்ட தாள்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவும் படித்தாள். உங்கள் மேல் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். கால் சரியாகும் என்று நினைத்திருந்தேன். இப்போது பாதிக் கோபம் இருக்கிறது. உங்கள் வீட்டில் படுத்திருந்தவர் எப்படி இருக்கிறார்?"

நாத்தனார் அதை வாங்கிப் படித்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவதாக எழுந்து போனாள். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது, "அம்மாவை நீங்கதான் பாத்துக்கிட்டீங்க. நான் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை" என்றாள். அண்ணி, "மை காயறதுக்குள்ள அந்த மூலையை நிரப்பு" என்றாள். நாத்தனார் நிரப்பினாள். அன்றைக்கு ஒரு நட்சத்திரத்தைக்கூட மூடவில்லை.

நாற்பத்திரண்டாவது படம் கூடுதல் கெடுவின் கடைசி நாள் காலையில் முடிந்தது. இருவரும் பேருந்தில் போய்க் கொடுத்தார்கள். பதிப்பாசிரியர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். சுவரில் சாய்ந்து நிற்கும் படத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அண்ணி, இது வேற மாதிரி வந்திருக்கு," என்றார். பிறகு தொழிலுக்கே உரிய வேகத்தில், "பத்தாவதை இந்தச் சூட்டோட ஆரம்பிச்சுடலாம், என்ன?" என்றார்.

நாத்தனார் வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணி சொல்லிவிட்டாள்.

"ஒரு வருஷம் முடியாது."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியாத்தான் இருக்கு. களைப்பா இருக்கு. இப்ப வரைஞ்சா மறுபடி எதையாவது விட்டுடுவேன்."

அவர் நாத்தனாரைப் பார்த்தார். நாத்தனார், "நானும்தான்" என்றாள். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் டீ வரவழைத்தார்.

புத்தகம் மூன்று மாதம் கழித்து வந்தது. முதல் பிரதிகளில் ஒன்றை அண்ணி அந்த முகவரிக்கு அனுப்பினாள். மேசையை ஒழித்துத் துடைத்தாயிற்று. இப்போது ஆறு பேர் உட்காரலாம், இரண்டே பேர் உட்கார்ந்தார்கள். மணிக்கட்டின் நீலப் பட்டை அலமாரிக்குப் போனது. கழுத்தில் மணல் மட்டும் அப்படியே இருந்தது. மதியங்களில் அண்ணி படுத்துக்கொண்டாள். தூக்கம் வந்த நாள் தூங்கினாள், வராத நாள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

ஒரு மதியம் படுக்கப் போகும் நேரத்தில் கடிதம் வந்தது.

"ஒன்பதாவது புத்தகம் படித்துவிட்டேன். இரண்டு தடவை. பூட்டு சரியாக இருக்கிறது, பக்கிள் சரியாக இருக்கிறது. எழுபதாம் பக்கத்தில் திருகாணி படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்கிறாள். அது சரி. எழுபத்திரண்டாம் பக்கத்தில் இறங்கும்போதும் நல்ல காலை முதலில் வைக்கிறாள். அது தப்பு. இறங்கும்போது கம்பிக்காலைத்தான் முதலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் விழுந்துவிடுவாள். நான் விழுந்திருக்கிறேன்."

அண்ணி வாசல் படிக்குப் போனாள். மூன்றே படிகள். இடது காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, வலது காலை முன்னால் வைத்து இறங்கிப் பார்த்தாள். உடல் முன்னால் சாய்ந்தது, படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏறி வந்து மறுபடி, இடது காலை முன்னால் வைத்து இறங்கினாள். சரியாக வந்தது. எதிர்வீட்டுக்காரி துணி உலர்த்திக்கொண்டே, "காலுக்கு என்னாச்சுங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலை, பழகறேன்," என்றாள் அண்ணி.

உள்ளே வந்து ஒரு அஞ்சலட்டை எடுத்தாள். "நீ சொன்னது சரி, நான் படியில் இறங்கிப் பார்த்தேன். எழுபத்திரண்டாம் பக்கத்தை அடுத்த பதிப்பில் மாற்றச் சொல்கிறேன், குறித்துவைத்துவிட்டேன். இப்போது தூங்கப் போகிறேன்" என்று எழுதி முகவரியும் எழுதினாள். அதை மேசை நடுவில் வைத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.